எங்கிருந்தும் செய்யலாம்

"வாரத்துக்கு மூணு நாள் வந்து உட்காரும்மா. அவ்வளவுதான் கேக்கறேன்" என்றார் மஞ்சுநாத்.

"ரெண்டு நாள் வர்றேன் சார். செவ்வாயும் வியாழனும். மத்த மூணு நாள் வீட்லேர்ந்தே பார்த்துக்கறேன்."

"ஆகல்ல, ஜோவிதா. முடியாது."

பேச்சில் கன்னடம் எட்டிப் பார்த்தால் மேனேஜர் பிடிவாதம் பிடிக்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம்.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் அந்தக் கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி வரும் கேப்களுக்கு வழி பிரித்துக் கொடுப்பது ஜோவிதாவின் வேலை. யாருக்கு எந்த வண்டி, எந்தத் தெருமுனையில் ஏறுவது என்பதையெல்லாம் நாலு வருஷமாக ஜோகுபாளையத்து வீட்டிலிருந்தே பார்த்து வந்தாள். இப்போது எல்லாரும் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவு. அத்தனை பேருக்கும் வண்டி போட்டுக் கொடுத்துவிட்டு, தன்னால் மட்டும் தினமும் வர முடியாது என்று சொல்ல அவளுக்கே கூச்சமாகத்தான் இருந்தது.

ஆனால் வேறு வழியில்லை. ஆஷ்லிக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. திங்கள், புதன், வெள்ளி மாலை நாலு மணிக்கு அல்சூரில் ஸ்பீச் தெரபி. அம்மா கூடவே உட்கார வேண்டும். கணவன் கிளிஃபர்டுக்கு ஓசூர் ஃபாக்டரியில் ஷிஃப்ட். போன வாரம்தான் குழந்தை டம்ளரைக் காட்டி "ண்ணி" என்றிருந்தான்.

"குழந்தை விஷயம் எனக்குத் தெரியாதா? தெரபி இருக்கிற அன்னைக்கு மத்தியானமே கிளம்பிடு. நான் கேக்க மாட்டேன். காலைல வந்து முகத்தை மட்டும் காட்டு."

"போக வரவே நாலு மணி நேரம் ஆகுது சார். சில்க் போர்டு டிராஃபிக்லயே உசிரு போயிடும். முகத்தைக் காட்டறதுக்கா அவ்வளவு தூரம்?"

"முகத்தைக் காட்டறதுக்குத்தான்."

"யாருக்கு சார்?"

"டிரைவருங்க நேரா வந்து சண்டை போட்டா யாரு பதில் சொல்றது?" என்று மஞ்சுநாத் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

"போன்லயே சண்டை போட்டு முடிச்சிடறாங்க சார். என் மேஜை எங்க இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். மஞ்சுநாத் சிரிக்கவில்லை.

"போன மாசம் மழைல சர்ஜாபூர் ரோடு முழுகிச்சே, குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கிட்டேதான் அத்தனை வண்டியையும் திருப்பி விட்டேன். ஒருத்தராவது லேட்டா வந்தாங்களா?"

"மெல்லமா பேசும்மா." அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "இதையெல்லாம் வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதே."

ஏன் சொல்லக் கூடாது? நான் செய்த வேலையைத் தான் செய்ததாக மேலே சொல்லி வைத்திருக்கிறாரோ? அப்படி நினைத்ததற்காக ஜோவிதா தன்னையே கடிந்துகொண்டாள். மறுபடியும் யோசித்துப் பார்த்தாள். மறுபடியும் அதேதான் தோன்றியது. மத்தியானம் எச்.ஆர். சுனிதாவின் அறைக் கதவைத் தட்டினாள்.

எதை முதலில் சொல்வது, எதை அப்புறம் சொல்வது என்று மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். ஒன்றுகூட விடாமல் சொல்லி முடித்தாள்.

"அப்போ உங்க வேலைக்கு இந்த ஆபீசே தேவையில்லைங்கறீங்க?"

"கம்ப்யூட்டரும் போனும் போதும் மேடம். எங்கிருந்தும் செய்யலாம்."

"நீங்க லீவு போட்டா?"

"அதுவும் பிரச்சினை இல்ல மேடம். புதுசா வர்றவங்ககூட ரெண்டு வாரத்துல பழகிக்கலாம்."

சுனிதாவின் முகம் மலர்ந்தது. "இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் சொன்னதே இல்ல. மஞ்சுநாத் என்னமோ வேற மாதிரி சொல்லிக்கிட்டிருந்தாரு."

நினைத்தது சரிதான் என்று ஜோவிதாவுக்குப் பட்டது.

வியாழக்கிழமை மெயில் வந்தது. மூன்று நாள் கேட்டவளுக்கு ஐந்து நாளும் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி. தப்பாகப் படித்துவிட்டோமோ என்று இன்னொரு முறை படித்தாள். பிறகு மாடிப்படியில் நின்று கிளிஃபர்டுக்குப் போன் செய்தாள்.

"அஞ்சு நாளும்ப்பா!"

"அடிப்பாவி! உங்க மேனேஜருக்கு ஒரு மைசூர்பாகு டப்பா வாங்கிக் கொடுத்துட்டு வா. வயித்தெரிச்சல் கொஞ்சம் தணியும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு மஞ்சுநாத்தின் மேஜைக்குப் போனாள். "மெயில் வந்துச்சு சார். உங்களைத் தாண்டிப் போனேன்னு கோபம் இல்லையே?"

"உட்காரு." அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சுனிதாகிட்ட என்னம்மா சொன்ன?"

"உள்ளதைத்தான் சார் சொன்னேன். எங்கிருந்தும் செய்யலாம்னு."

மஞ்சுநாத் குரலைத் தாழ்த்தினார்.

"கோயம்புத்தூர்ல நம்ம புது ஆபீஸ் திறந்ததுலேர்ந்து இந்த வேலையை அங்க மாத்தணும்னு மேல ஒத்தக் கால்ல நிக்கறாங்கம்மா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. அந்த சீட்ல நீ உட்காரலேன்னா இங்க ஒரு வண்டி நகராதுன்னு நான் ஒருத்தன்தான் கத்திக்கிட்டிருந்தேன்."

மாதக் கடைசி வரை, வேலை கோயம்புத்தூருக்குப் போகும் வரை, ஜோவிதா வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். நாளைக் காலை பத்து மணிக்கு, பெங்களூரையே பார்த்திராத இரண்டு பேருக்கு ஈஜிபுராவின் சந்துகளிலிருந்து ஆரம்பித்து அவள் தன் வேலையைச் சொல்லித்தர வேண்டும்.