வால் உடைந்த ‘ற’

1987இல், இட ஒதுக்கீட்டுக்காக மரங்களை வெட்டிப்போட்டுச் சாலை மறித்த வாரம் அது. “நீ டைப்பிஸ்ட் ஆனதே கோட்டாவுலதானே?” என்று சிரித்தார் தலைமை எழுத்தர். தாலுகா ஆபீஸின் பழைய டைப்ரைட்டரில் நான் ஓங்கி அடித்ததில், அதுவரை முழுசாக இருந்த ‘ற’வின் வால் உடைந்தது.

மறுநாள் கல்வராயன் மலையிலிருந்து இருசம்மாள் தன் அப்பாவின் 1962ஆம் வருடச் சாதிச் சான்றிதழைக் கொண்டுவந்தாள். அது செல்லுபடியானால்தான் அவளுக்கு நர்சிங் சீட்.

“போலியா இருக்கும். அப்பவும் இங்க இதே மிஷின்தான், எழுத்த ஒத்துப் பாரும்மா” என்றார் தலைமை எழுத்தர்.

பார்த்தேன். மஞ்சளேறிய தாளில் ஒரு ‘ற’வுக்கும் வால் இல்லை. நேற்று உடைந்த அதே இடம், இருபத்தைந்து வருடத்துக்கு முன்பே.

“நம்ம மிஷின்ல அடிச்சதுதான் சார்” என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லையே.

இருசம்மாள் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். எழுத்துக்கு எழுத்து துளை விழுந்திருந்தது.

“அடிச்சவங்களுக்கு யாரு மேலக்கா இவ்ளோ கோவம்?” என்று சிரித்தாள்.