வாரேன்

1997. ராஜபாளையம் நூல் மில்லின் கம்ப்யூட்டர் ரூமில் போன் அடித்தது. தனியாக இருந்த ஞானதுரை எடுத்தான்.

“சார், ஸ்ரீவில்லிபுத்தூர் குடோன்ல இருந்து தங்கபாய் பேசுதேன். பொன்னுராஜ் அண்ணாச்சி இருக்காவளா?”

“என்ன விஷயம்மா?”

“நான் சேந்து ஒரு வாரந்தான் ஆகுது. தெனமும் ஆறு மணிக்கு அவிய அங்கன இருந்தே இங்க பில்லிங்கை நிறுத்துவாவ. ‘வாரேன், பொன்னுராஜ்’னு ஸ்கிரீன்ல இங்கிலீஷ் எழுத்துல வரும். இன்னைக்கு ‘போறேன்’னு வந்திருக்கு. கெளம்பும்போது யாராச்சும் போறேன்னு சொல்லுவாவளா? எம்மேல கோவமா?”

ஞானதுரைக்குச் சிரிப்பு வந்தது.

“அது ஆள் இல்லம்மா, புரோகிராம். டெலிபோன் லைன் வழியா காலையில பில்லிங்கை தானா ஓட விடும், சாயங்காலம் தானா நிறுத்தும். பொன்னுராஜ் இங்க வேலை பாத்தப்ப எழுதி வச்சது.”

“அப்ப அவிய?”

“போன மாசம் தவறிட்டாரு.”



“பொறவு இன்னைக்கு மட்டும் ஏன் சார் மாத்திச் சொல்லுது?”

அந்தப் புரோகிராமை அழித்துவிடச் சொல்லி முதலாளி இன்று மதியம்தான் ஞானதுரையிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அவனும் அழிக்கும் கட்டளையை அடித்தான். ‘நிச்சயமாக அழிக்கவா? ஆம் என்றால் Y’ என்று கம்ப்யூட்டர் கேட்டது. மனசு வராமல் அப்படியே விட்டிருந்தான்.

இப்போது திரும்பித் திரையைப் பார்த்தான்.

கேள்விக்கு நேரே Y விழுந்திருந்தது.

அவனுடைய இரண்டு கைகளும் ரிசீவரைப் பிடித்திருந்தன.