கழுவக் கழுவ வளர்வது

பனி மூடிய தொலைதூர நிலவொன்றில் உயிர் இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கப்போகும் விண்கலம் கண்ணாடிக்கு அப்பால் கால் மடக்கி நிற்கிறது. சூட்டில் வாட்டி, மருந்தில் கழுவிய அதன் துளைமுனையைப் பஞ்சால் ஒற்றியெடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்க வைத்த தட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி முளைத்திருக்கிறது. எல்லோரும் ‘சோப்பு’ என்று கேலிசெய்யும் சோதனைக்காரி மூச்சை அடக்கிக்கொண்டு அதைப் பார்க்கிறாள். “கண்டுக்காதீங்கக்கா. நாளைக்கு ஏவலைன்னா திட்டமே ஊத்திக்கும்,” என்கிறான் பொறியாளன். “நாமளே கிருமியைக் கொண்டுபோய் விட்டுட்டு, அங்க உயிர் இருக்குன்னு ஊரைக் கூட்டுவியா?” அவன் எரிச்சலோடு கிருமிநாசினியைத் தட்டில் சாய்க்கிறான். நுரை அடங்குகிறது. புள்ளி கரையவில்லை. மருந்து தேங்கிய பக்கமாக மெல்ல நீள்கிறது. குழாய்விளக்கு ரீங்கரிக்கிறது. ஏவுதலை நிறுத்தச் சொல்ல, தொலைபேசியை அவன் கையே தேடுகிறது.