நாற்பதாவது சீட்டு

"பொம்பிளை பாக்க வரல்ல றிஷானா. இந்தக் கலியாணம் சரிவராது எண்டு முகத்துக்கு நேர சொல்லிட்டுப் போகத்தான் வந்தன்."

கதிரையில் உட்கார்ந்ததும் பரீதா இதைத்தான் சொன்னாள். தேத்தண்ணீரைத் தொடவில்லை.

றிஷானா தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய மகள் பஸ்மியாவுக்கும் பரீதாவின் மகன் அஸீமுக்கும் பேச்சுத் தொடங்கி இரண்டு மாதம். அஸீம் படம் பார்த்து ஓம் சொல்லிவிட்டான். உப்புவெளியில் பாதிப் பேருக்குச் செய்தி போய்விட்டது.

"பிள்ளையில என்ன குறை ராத்தா?"

"பிள்ளையில இல்ல, வேலையில. டீச்சரா இருந்தாச் சரி, கச்சேரியில கிளார்க்கா இருந்தாலும் சரி. போன் கேம் விக்கிற வேலையாமே! கின்னியாவில என்ட தங்கச்சிட மகன் அந்தக் கேமுக்குள்ள விழுந்து மூணு பாடம் பெயில். நாங்க இறங்குதுறைக்குப் பக்கத்தில முப்பது வருசமாக் கடை வச்சு, ஹலாலா உழைச்சுத் தின்னுற குடும்பம்."

உள் அறையில் கம்பியூட்டரை மூடிவிட்டுப் பஸ்மியா வந்தாள். சலாம் சொன்னாள்.

"மாமி, கேமை விக்கிறதில்ல. சும்மாதான் குடுக்கிற. அதை எப்பிடி ஆக்களிட்டக் கொண்டுபோற எண்டு பாக்கிறதுதான் என்ட வேலை."

"சும்மா குடுத்தா உங்களுக்குச் சம்பளம் எங்கால வருது?"

"முதல் நாள் ஒரு சின்னப் பரிசு குடுப்பம். ருசி பட்டாத்தானே திரும்ப வருவாங்க."

"அது சரிதான். புதுசா வாற பிள்ளைக்கு நானும் ஒரு டொபி..." பரீதா நிறுத்திக்கொண்டாள். "சரி, மிச்சத்தச் சொல்லுங்க."

"பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு பரிசு. ஒரு நாள் வராட்டி, திரும்ப ஒண்டாம் நாளில இருந்து தொடங்கணும்."

"யா அல்லாஹ்!"

"பிறகு மூடின பெட்டி. உள்ள என்ன இருக்கு எண்டு தெரியாது. சல்லி கட்டித்தான் திறக்கணும். பெட்டிக்கு மேல தங்கக் குதிரை ஒண்டு மின்னிக்கொண்டு நிக்கும்."

"எவ்வளவு மேல? மேல தொங்கினாச் சின்னதுகளுக்குத் தெரியாதே," என்றாள் பரீதா. சொன்ன பிறகுதான் யாருடைய வீட்டில் இருக்கிறோம் என்ற நினைவு வந்தது. குரலை உயர்த்தினாள்.

"அது சூது மகள்! பச்சைச் சூது! இந்த வித்தையெல்லாம் ஆரு உங்களுக்குப் படிப்பிச்சுத் தந்த?"

பஸ்மியா தாயைப் பார்த்தாள்.

"சொன்னாக் கோவிக்கக்கூடாது."

"சொல்லுங்க, கேப்பம்."

"நீங்கதான் மாமி."

றிஷானா தட்டை வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சின்ன வயசில நாங்க உங்கட கடைக்குப் பின்னாலதான் வாடகைக்கு இருந்தம். கடை வாசல்ல அதிஷ்டச் சீட்டு அட்டை ஒண்டு தொங்கும். நாப்பது சீட்டு. கிழிச்சு எடுத்தா உள்ள ஒரு நம்பர். அந்த நம்பருக்குரிய சாமான் எங்களுக்கு. ஏழாம் நம்பருக்கு நீலச் சட்டை போட்ட பெரிய பொம்மை."

"அது பிள்ளைகளிட விளையாட்டு. எல்லாக் கடையிலயும் இருக்கு."

"ஓம். எனக்கு எட்டு வயசு. அந்த வருசம் பெருநாள் காசு முழுக்கக் கொண்டுவந்து, புது அட்டை தொங்கவிட்ட அண்டைக்கே நாப்பது சீட்டையும் நானே கிழிச்சன். டொபி, பலூன், மோதிரம் எல்லாம் வந்திச்சு. கடைசியா நாப்பதாவது. அதுவும் டொபி. ஏழு வரவேயில்ல. 'உங்களுக்கு அதிஷ்டம் இல்ல மகள்' எண்டு சொல்லித் தலையைத் தடவி விட்டீங்க."

பரீதா முதல் தடவையாகத் தேத்தண்ணீரை எடுத்தாள். ஆறிப்போயிருந்தது.

"என்ட வேலை நல்ல வேலை எண்டு நான் சொல்லல்ல மாமி. எனக்கும் அதில யோசனை இருக்கு. ஆனா எங்கட பெட்டியில, குதிரை ஆயிரத்தில ஒருவருக்குத்தான் எண்டு எழுதி ஒட்டுவம். எழுதாட்டிச் சில நாட்டில விக்க ஏலாது. அந்த ஒண்டு கட்டாயம் உள்ள இருக்கும்."

வெளியே மீன்காரன் சைக்கிளில் கூவிக்கொண்டு போனான்.

பரீதா எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது றிஷானா பின்னால் ஓடிவந்தாள்.

"ராத்தா, இவள் இப்பிடித்தான், வாய்... மனசில வச்சுக்கொள்ளாதீங்க. அப்ப, முடிவு?"

பரீதா வாயைத் திறக்குமுன் பஸ்மியா சொன்னாள்.

"எனக்கு ஒரு கிழமை டைம் தாங்க மாமி, யோசிச்சுச் சொல்லுறன். ஹலாலா உழைக்கிற குடும்பமாத்தான் நானும் பாக்கிறன்."

பரீதா கடைக்கு வந்து சேர்ந்தபோது கணவர் ஜமால்தீன் கதிரையில் ஏறி நின்று புது அட்டை ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, வேணாம் எண்டு சொல்லிட்டியா?"

அவள் முக்காட்டைத் தளர்த்திக்கொண்டு அட்டையைப் பார்த்தாள்.

"நல்ல நேரத்துக்கு வந்தாய். இந்த முறை ரிமோட் கார். அதிட நம்பரைக் கழட்டி மேசை லாச்சிக்குள்ள போட்டுட்டு, அந்த இடத்தில டொபி நம்பர் ஒட்டிட்டன். வழமை மாதிரி."

பரீதா லாச்சியைத் திறந்தாள். கார் நம்பர்ச் சீட்டை எடுத்தாள். கொஞ்சம் பசை தொட்டு அட்டையின் நடுவில் ஒட்டினாள்.

"உனக்கு என்ன பைத்தியமா? முதல் பிள்ளையே அதைக் கிழிச்சிட்டா, மிச்சச் சீட்டை ஆரு எடுப்பான்?"

"கிழிக்கட்டும்," என்றாள் பரீதா. "வரப்போற மருமகள் நாப்பதையும் எண்ணிப் பாக்கிறவ."