காலியாக விட்ட கட்டம்

"ஆபீஸ் ஃபைல் மொத்தமும் போச்சு! உன்னை யாரும்மா புரோகிராமர்னு வேலைக்கு எடுத்தது?"

தலைநகரின் லோதி ரோட்டில் இருந்த அந்தச் சின்ன அலுவலகம் அதிர, இயக்குநர் மாணிக்கவாசகம் உஷாராணியைப் பார்த்துக் கத்தினார்.

"ஆபீசை விட்டுப் போறவங்களோட குடும்பப்பேரை நான் எழுதின ஸ்கிரிப்ட் எடுத்து, ஃபைலை அழிக்கிற ஷெல் கமாண்டுக்குக் கொடுக்கும் சார். அந்தப் பேர்ல இருக்கிற ஃபோல்டரை அது அழிக்கும். இன்னிக்கு அந்தப் பேரு காலியா போயிருக்கு. அதான் எல்லா ஃபோல்டரையும் அழிச்சிடுச்சு."

"காலியா இருந்தா நிறுத்தணும்னு எழுதத் தெரியாதா?"

"அது என் தப்புதான். ஆனா ஆபீசை விட்டுப் போறவங்க ஃபாரத்துல குடும்பப்பேர் கண்டிப்பா எழுதணும்னு சர்க்குலர் போட்டது நீங்க. ஷர்மா, குப்தா எல்லாரும் எழுதினாங்க. ஒருத்தர் மட்டும் எழுதலை. திருப்பி அனுப்பியும் எழுதலை."

"அச்சா! யாரு அந்த முட்டாள்? நாளையிலேர்ந்து அவனும் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது, நீயும் மிதிக்கக் கூடாது!"

"அவர் எப்படியும் வர மாட்டார் சார்" என்று ஃபாரத்தை நீட்டினாள்.

குடும்பப்பெயர்க் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் சிவப்பு மையில், 'எங்கள் ஊரில் இந்த வழக்கம் கிடையாது. போய் வேலையைப் பார்.'

கையெழுத்தைப் பார்த்ததும் மாணிக்கவாசகம் ஃபாரத்தை அவசரமாகக் கவிழ்த்து வைத்தார்.

"ஹால்ல எல்லாரும் ரிட்டயர்மென்ட் மாலையோட காத்திருக்காங்க" என்றாள் உஷாராணி. "ஜல்தி கிளம்புங்க சார்."