பழைய கேஸ் கிரில் விற்பனைக்கு

பழைய கேஸ் கிரில் அடுப்புகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, பளபளவென்று ஆக்கி விற்பவர் அவர். வாங்கப் போகிற இடத்தில் முதலில் வாய்க்கு வந்தபடி குறை சொல்வார். அப்போதுதானே விலை இறங்கும்!

விளம்பரம் கொடுத்திருந்த அம்மாள் கொல்லைப்புறத்தில் கிரில்லின் மூடியைத் திறந்து காட்டியதுமே இவர் ‘உச்’ கொட்டினார்.

“துருவைச் சுரண்டாமலே பெயின்ட் அடிச்சிருக்கான். பர்னர் ஓட்டையெல்லாம் அடைச்சுக் கிடக்கு. கேஸ் ட்யூபைக்கூட மாத்தலை. எந்தப் படுபாவிம்மா இதை ரிப்பேர் பண்ணினான்?”

“அப்போ, தப்பெல்லாம் அவன் மேலதானா?”

“சந்தேகமே வேணாம். சுத்த ஏமாத்து வேலை! நானா இருக்கப் போய் இதை வாங்கறேன். பாதி விலைக்குக் கொடுங்க, எடுத்துக்கறேன்.”

அந்த அம்மாள் ஒரு வாரண்டி அட்டையை நீட்டினாள். அதில் இவருடைய கடை முத்திரை. கீழே இவருடைய கையெழுத்து.



“போன வருஷம் என் வீட்டுக்காரர் உங்ககிட்டதான் வாங்கினார். வாரண்டி இன்னும் ரெண்டு மாசம் இருக்கு.”

“அப்புறம் ஏம்மா விக்கிறதா விளம்பரம் போட்டீங்க?”

“ரிப்பேர்னு ஆறு தடவை கூப்பிட்டேன், ஒரு தடவைகூட நீங்க வரலை. விளம்பரம் போட்டு அரை மணி நேரம்கூட ஆகலை, வந்து நிக்கிறீங்களே!”