மடையில் வைக்கோல்

தனகோட்டிக்கு முதலில் துரோகம் செய்தவன் சிங்காரவேல்தான்.

அவன் மகள் நந்தினியின் கல்யாணம், நெய்வேலி நகரியத்து மண்டபத்தில். அப்பளக் கூடையோடு வந்த சிங்காரவேல் தனகோட்டிக்கு இந்தப் பக்கத்து இலையில் ஒன்று வைத்தான். அந்தப் பக்கத்து இலையிலும் ஒன்று வைத்தான். நடு இலையைத் தாண்டிப் போய்விட்டான்.

நந்தினிக்குப் பிள்ளை பிறந்து, அது பள்ளிக்கூடமே போகிறது. தனகோட்டிக்கு மட்டும் அந்தப் பந்தி இன்னும் முடியவில்லை.

இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த வயல். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து இறைத்து விடும் தண்ணீர்தான் ஒரே வாய்க்காலில் முறை வைத்துப் பாயும். போன வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றியதும் ஊரே தண்ணீருக்கு முட்டிக்கொண்டது. சிங்காரவேல் நெல்லை விட்டுவிட்டு எள்ளுக்கு மாறினான்.

அந்த எள்ளை வாங்க ஜப்பானிலிருந்து ஒருவர் வருகிறாராம். அக்கம்பக்கத்து வயல்காரர்களிடமும் விசாரித்துவிட்டுத்தான் வாங்குவாராம்.

"என்னைக் கேக்கட்டும், சொல்றேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார் தனகோட்டி. "எனக்கு அப்பளம் போடாதவன் ஜப்பானுக்கு எள்ளு போட்டுடுவானா?"

கூட்டம் அதே மண்டபத்தில். தனகோட்டி முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். ஜப்பான்காரர் இங்கிலீஷில் கேட்க, விவசாய ஆபீசில் வேலை பார்க்கும் வெண்மதி தமிழில் சொன்னாள்.

"சிங்காரவேல் ஐயா வெள்ளாமையைப் பத்தி யாராவது சொல்றீங்களா?"

"நான் சொல்றேன்!" எழுந்துவிட்டார் தனகோட்டி. "அவன்கிட்ட வாங்காதீங்கம்மா. சரியான சோம்பேறி. ஊரே தண்ணிக்கு அடிச்சிகினு கெடக்குது, இவன் முறை வந்தாகூட வாய்க்கால் பக்கம் எட்டிப் பாக்கறதில்ல. வெதச்சப்ப ஒரு தண்ணி வுட்டான், அதோட சரி. பயிரையே பட்டினி போடறவன் வாங்கறவனுக்கு என்னா செய்வான்?"

வெண்மதி அதை இங்கிலீஷில் சொன்னாள். ஜப்பான்காரர் முகம் மலர்ந்தது. எழுந்து நின்று, தனகோட்டியைப் பார்த்து இடுப்புவரை குனிந்தார்.

"என்னாம்மா, வயித்து வலியா அவருக்கு?"

"வணக்கம் சொல்றாருங்க ஐயா. இப்ப மழை எல்லா நாட்டுலயும் ஏமாத்துது. தண்ணி கொஞ்சமா குடிச்சு, வறட்சி காலத்துலயும் விளையற எள்ளைத்தான் தேடிகிட்டு இருந்தாராம். சிங்காரவேல் ஐயா சொன்னப்ப முழுசா நம்பலையாம். அவரைக் கண்டாலே ஆகாத நீங்களே சொல்லிட்டீங்க, இனிமே சந்தேகமே இல்லையாம்."

தனகோட்டி மெல்ல உட்காரப் போனார்.

"இன்னொண்ணும் கேக்கறாருங்க. அவர் எடுக்காத முறைத் தண்ணி எங்க போகுது?"

மண்டபமே தனகோட்டி பக்கம் திரும்பியது.

எங்கே போகும்? அவர் வயலுக்குத்தான். சிங்காரவேல் எள்ளு போட்டதிலிருந்து அவன் முறையில் மடையைத் திறந்து, தண்ணீரைத் தன் நெல்லுக்குத் திருடிக்கொண்டிருந்தார். முதல் தடவை மடையில் கருங்கல் இருந்தது. புரட்டுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்த தடவை போனால் வெறும் வைக்கோல் அடைப்பு. ஒரு கையால் இழுத்தால் வந்துவிடும். 'ஏமாளிப் பய. இதெல்லாம் அப்பளத்துக்கு வட்டி' என்று சிரித்துக்கொண்டே இழுப்பார்.

"அது வந்து... பூமிக்குள்ள எறங்கிடுதும்மா."

சிங்காரவேல் எழுந்தான்.

"இல்லைங்க. அண்ணன் வயலுக்கு நான்தான் வுடறேன். என் எள்ளுக்கு வேணாம், அவரு நெல்லுக்கு வேணும்."

கைதட்டல் அடங்கவே இல்லை. தனகோட்டிக்கு ஆத்திரம் பொங்கியது. பாடுபட்டுத் திருடியதை ஊர் முன்னால் தானமாக்கிவிட்டானே!

கூட்டம் முடிந்து ஜப்பான்காரர் செலவில் சாப்பாடு. பக்கத்து இலையில் சிங்காரவேல் வந்து உட்கார்ந்தான்.

"எதுக்குடா பொய் சொன்ன? நானா இழுத்து வுட்டுகினது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ண்ணே. தலையில முக்காடு போட்டுகினு வருவீங்க."

"அப்ப ஏன் சும்மா இருந்த?"

"எங்க சும்மா இருந்தேன்? அந்தக் கல்லைப் புரட்ட முடியாம இடுப்பைப் புடிச்சிகினு நின்னீங்களே, அன்னைக்கே கல்லை எடுத்துட்டு வைக்கோலை வச்சேன். குடுத்தா நீங்க வாங்கிக்க மாட்டீங்க, அதான்."



சிங்காரவேல் தான் இன்னும் தொடாமல் வைத்திருந்த அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தான்.

தனகோட்டி அதை நொறுக்கினார். ஒரு துண்டு விடாமல் தின்று முடித்தார். விரலையும் நக்கிக்கொண்டார்.

"இது ஜப்பான்காரன் அப்பளம்டா" என்றார். "நந்தினி கல்யாண அப்பளம் இன்னும் பாக்கி."